மயிலுக்குப் போர்வை, யானைக்குப் பட்டை

தமிழ் வரலாற்றில் குளிருக்கு இலவசப் போர்வை வாங்கிய முதல் பயனாளி ஒரு மயில். விண்ணப்பம் எழுதவில்லை, வரிசையில் நிற்கவில்லை, ரேஷன் அட்டை காட்டவில்லை. காட்டில் தன்பாட்டுக்குத் தோகை விரித்து ஆடிக்கொண்டிருந்தது. வையாவிக் கோப்பெரும் பேகன் அதைப் பார்த்தார். பாவம், நடுங்குகிறது என்று முடிவுகட்டி, தன் மேல் கிடந்த போர்வையை எடுத்து அதன் மேல் போட்டார். கடையெழு வள்ளல்களில் ஓர் இடம் அன்றே உறுதியாயிற்று.

மயிலின் தரப்பு எங்கும் பதிவாகவில்லை. உடம்பு முழுக்க இறகு. ஆடுவதோ ஜோடிக்காக. பாதி ஆட்டத்தில் யாரோ வந்து தலைமேல் துணியைப் போட்டால் எந்தக் கலைஞருக்கும் எரிச்சல்தான் வரும். பரணரே புறநானூற்றில் இதை நாசூக்காக ஒத்துக்கொள்கிறார்: அது உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தேதான் பேகன் கொடுத்தாராம். மக்கள் வரிப்பணத்தில் இப்படிக் கொடுத்தால் இன்று தணிக்கைக்காரர்கள் விடமாட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் இதோடு நிறுத்திவிடுவார்கள். மீதிக் கதைதான் சுவை. பேகனுக்குக் கண்ணகி என்று ஒரு மனைவி. மதுரையை எரித்த கண்ணகி வேறு. இவர் எதையும் எரிக்கவில்லை, வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கணவர் இன்னொரு பெண்ணின் வீட்டில் குடியிருந்தார். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு பெரும்புலவர்கள் கிளம்பிப் போய்ப் பஞ்சாயத்துப் பேசினார்கள். பரிசில் வேண்டாம், தேரைப் பூட்டி வீட்டுக்குப் போனால் அதுவே பரிசு என்கிற ரீதியில் பாடினார்கள். புலவர்கள் பரிசில் வேண்டாம் என்று சொல்கிறார்கள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதிலும் பரணர் ஒரே பாட்டில் மயிலையும் மனைவியையும் அடுத்தடுத்து வைத்துவிட்டார். மயிலுக்குக் குளிரும் என்று தெரிந்த ஆளுக்கு மனைவியின் நிலை தெரியவில்லையே என்று நேராகக் கேட்காமல் கேட்கிற வித்தை அது.

பேகன் ஆண்ட பழனிப் பக்கத்து மலைகளில் கதகதப்பான துணி அன்று முகவரி தவறியதுதான், இன்றுவரை சரியான வீட்டுக்கு வந்து சேரவில்லை. மயிலுக்குப் போனது, துரைக்குப் போனது, தலைவருக்குப் போனது, கடைசியில் யானைக்கும் போனது. மனிதருக்கும் வந்தது, விலையைப் பற்று எழுதிக்கொண்டு.

பேகனின் பழனி மலைத்தொடருக்கு அக்கம்பக்கம்தான் சின்னக்கானல். இடுக்கி மாவட்டம், தேவிகுளத்துக்குக் கிழக்கே கேப் ரோடு வழியாக இறங்கினால் முதலில் பெரியகானல் வரும், பிறகு சின்னக்கானல், அப்புறம் சூரியநெல்லி. சூரியநெல்லியில் இருந்து ஜீப்பில் எலும்பெல்லாம் குலுங்க ஏறினால் கொழுக்குமலை. அங்கே மாநிலமே மாறி, தேனி மாவட்டம் ஆகிவிடும். குளிர் மாறாது. ஜனவரியில் மூணாறு வட்டாரத்தில் தேயிலை மேல் உறைபனி படியும், பத்திரிகைகள் பூஜ்யத்துக்குக் கீழே போன கணக்கை வருஷம் தவறாமல் போடும்.

இப்படிப்பட்ட குளிருக்கு நம் முன்னோர் என்ன செய்தார்கள்? தீ மூட்டினார்கள். நெடுநல்வாடையில் மழையில் நனைந்த இடையர்கள் நெருப்பில் கையைக் காய்ச்சிக்கொள்கிறார்கள், குரங்கு கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறது. நக்கீரர் அத்தனையையும் கவனித்து எழுதியிருக்கிறார். ஆனால் இடையன் கையில் ஆட்டுமயிரும் இருக்கிறது, பொழுதும் இருக்கிறது, குளிரும் இருக்கிறது. இரண்டு குச்சியை எடுத்து ஒரு கையுறை பின்னுவோம் என்று மட்டும் எவனுக்கும் தோன்றவில்லை. குரும்பர்கள் கறுப்புக் கம்பளி நெய்தார்கள். தறியில் நெய்தார்கள், ஊசியில் பின்னவில்லை. மலையிலேயே இருந்த முதுவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டார்கள். தலைக்கு அது போதும். விரலுக்கு?

பின்னலை யார் கண்டுபிடித்தது என்று பார்த்தால் பனிக்கரடி நாட்டுக்காரர்கள் என்று நினைப்போம். நமக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய பின்னல் துண்டுகளில் பல எகிப்தில் இருந்து வந்தவை. ஆயிரம் வருஷத்துக்குச் சற்று முன்பின்னாக, நீலமும் வெள்ளையுமாக, பருத்தி நூலில், இரண்டு நிறத்தில் கோலம் போட்ட காலுறைகள். பாலைவனத்தில்! பருத்தியில்! அந்தக் காலுறைக்கும் குளிருக்கும் என்ன சம்பந்தம் இருந்திருக்கும்? அழகுக்குத்தான் பின்னியிருக்கிறார்கள். எகிப்துக்காரர் கொளுத்தும் வெயிலில் காலுறை பின்னினார், நம் ஆள் கொட்டும் பனியில் வெறுங்கையோடு நின்றார். வரலாறு இப்படித்தான் ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தும்.

இரண்டு நிறப் பின்னலின் சூட்சுமம் எளிது. ஒயர் கூடை பின்னும் நம் வீட்டு அக்காக்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயரும் இடம் மாறி மாறித்தானே கட்டம் வருகிறது. கம்பளி நூலில் ஒரு வித்தியாசம்: ஒரு வரிசையில் சிவப்பு முன்னால் வேலை செய்யும்போது, வெள்ளை சும்மா இருக்காமல் பின்பக்கமாகக் கூடவே ஓடிவர வேண்டும். வெள்ளையின் முறை வந்தால் சிவப்பு பின்னால் போகும். ஆகவே உள்பக்கம் முழுக்க இன்னொரு அடுக்கு நூல் படுத்துவிடுகிறது. ஒரே கையுறை, இரண்டு மடங்கு தடிமன். அழகுக்காகப் போட்ட கோலமே குளிரையும் தடுக்கிறது. பின்னால் ஓடுகிற நூலை ரொம்ப இழுத்துப் பிடித்தால் கையுறை சுருங்கி பொம்மைக்குத்தான் ஆகும். ரொம்பத் தளர்த்தினால் மாட்டும்போது மோதிர விரல் அதில் சிக்கி, ஒரு நிமிஷம் கைகலப்பு நடக்கும்.

இந்த வித்தையை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் ஐல் என்கிற குட்டித் தீவுக்காரர்கள் பிரமாதமாகச் செய்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்பதற்கு அவர்களிடம் ஒரு ஸ்தல புராணம் உண்டு. 1588இல் ஸ்பெயின் மன்னர் இங்கிலாந்தைப் பிடிக்க அனுப்பிய பெரும் கடற்படை தோற்று ஓடியபோது, எல் கிரான் கிரிஃபோன் என்கிற கப்பல் இந்தத் தீவில் மோதி உடைந்தது. ஏறக்குறைய 300 பேர் கரையேறினார்கள். அவர்கள்தான் பின்னல் கோலம் சொல்லிக்கொடுத்தார்களாம். ஆதாரம் கிடையாது. யோசித்தாலே தெரியும். போரில் தோற்று, கப்பல் உடைந்து, பல் கிடுகிடுக்கக் கரையேறிய சிப்பாய் செய்யும் முதல் வேலை, "அம்மணி, அந்த ஊசியைக் கொடுங்கள், எட்டு இதழ்ப் பூ எப்படிப் போடுவதென்று காட்டுகிறேன்" என்பதா? அவர்கள் செய்தது தீவில் இருந்த சாப்பாட்டைக் காலி செய்ததுதான். நம்மூரில் எந்தக் கோயிலைக் கேட்டாலும் பாண்டவர் வந்து தங்கினார்கள் என்பார்களே, அந்த வியாதி கடல் கடந்தும் உண்டு.

எட்டு இதழ்ப் பூவுக்கு நிஜமான ஆள் இருக்கிறாள். நார்வேயில் செல்பூ என்கிற ஊர். மாரிட் எம்ஸ்டாட், வயது 16. கறுப்பும் வெள்ளையுமாகப் பூப்போட்ட கையுறைகளைப் பின்னி, 1857இல் அதோடு தேவாலயத்துக்குப் போனாள். அன்றைய பிரசங்கம் யார் காதிலும் ஏறியிருக்காது. ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அவள் கையையே பார்த்தார்கள், வீட்டுக்குப் போய் ஊசியை எடுத்தார்கள். செல்பூ கையுறை அப்படித்தான் உலகப் பிரசித்தம் ஆனது. அதே 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் தோட்டா உறையைக் கடிக்க மாட்டோம் என்று ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் உறை விவகாரம்தான்.

நடுவில் ஒரு காதல் தோல்விக்காரரையும் பார்த்துவிடுவோம், திருப்பூருக்காக. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்று ஒரு பாதிரியார். அவர் மனம் கவர்ந்த பெண், இவர் பேசும்போதெல்லாம் நிமிராமல் பின்னிக்கொண்டே இருந்தாளாம். இது கதை. ஆத்திரத்தில் 1589இல் பின்னல் இயந்திரமே செய்துவிட்டார். இது நிஜம். முதலாம் எலிசபெத் ராணியிடம் உரிமம் கேட்டார். கைப்பின்னல்காரர்கள் பிழைப்பு போய்விடும் என்று ராணி மறுத்துவிட்டார். பிரான்சுக்கு ஓடினார், ஆதரித்த அரசரைக் கொலை செய்துவிட்டார்கள், லீயும் வறுமையில் செத்தார். அவர் இயந்திரத்தின் கொள்ளுப்பேரர்கள் இன்று திருப்பூரில் இரவும் பகலும் ஓடி உலகத்துக்கே பனியன் பின்னுகிறார்கள். மேற்கு மலையில் இருக்கிறவன் தலைக்குக் குல்லா மட்டும் லூதியானாவில் இருந்து வரவேண்டியிருக்கிறது.

குல்லாவுக்கு வருவோம். சின்னக்கானல் முதல் போடி பஸ் ஸ்டாண்டு வரை, மார்கழி பிறந்தால் ஆண்கள் தலையில் ஏறுகிற மங்கி குல்லாவின் பூர்வீகம் ஒரு கேவலமான ராணுவ நிர்வாகம். கிரிமியப் போர், 1854. பிரிட்டிஷ் படைக்குத் தலைவர் ராக்லன் பிரபு. வாட்டர்லூவில் ஒரு கையை இழந்தவர். இலகு குதிரைப்படைப் பிரிவின் தளபதி கார்டிகன் பிரபு. சிப்பாய்கள் கூடாரத்தில் கிடக்க, இவர் பாலக்லாவா துறைமுகத்தில் சொந்தப் படகில் தங்கியிருந்தார். அக்டோபர் 25ஆம் தேதி, தவறாகப் புரிந்துகொண்ட ஓர் உத்தரவின் பேரில் குதிரைப்படையை ரஷ்யப் பீரங்கிகளின் வாய்க்குள் ஓட்டிக்கொண்டு போனார். முடித்துவிட்டுப் படகுக்குத் திரும்பிக் குளித்து ஷாம்பெயின் குடித்தார் என்பார்கள். நவம்பர் 14ஆம் தேதி புயலில், குளிர்கால உடைகளோடு வந்த பிரின்ஸ் என்கிற கப்பல் துறைமுக வாசலிலேயே மூழ்கியது. வீட்டில் இருந்த பெண்கள் கம்பளி நூலில் குல்லாவும் கையுறையும் பின்னி அனுப்பினார்கள்.

இவ்வளவு சொதப்பியதற்கு என்ன தண்டனை? தையல்காரர்கள் இரண்டு பிரபுக்களையும் அந்தத் துறைமுகத்தையும் அமரர் ஆக்கிவிட்டார்கள். முன்பக்கம் பொத்தான் போட்ட ஸ்வெட்டருக்குக் கார்டிகன். கழுத்தில் இருந்தே இறங்குகிற கைக்கு ராக்லன். முகம் மட்டும் தெரிகிற குல்லாவுக்குப் பாலக்லாவா. அதைப் பின்னிய பெண்களில் ஒருத்தியின் பெயரும் எந்த உடுப்பிலும் இல்லை. நம் ஆட்கள் இந்த அநியாயத்தில் பங்கு கொள்ளாமல், போட்டதும் ஆள் எப்படித் தெரிகிறான் என்பதைப் பார்த்து, மங்கி குல்லா என்று வைத்துவிட்டார்கள். எந்தப் பிரபுவுக்கும் கடன்படாத பெயர்.

இந்தப் பிரபுக்களின் சொந்தக்காரர்கள் நம் மலைக்கு ஏறியது 1877இல். ஜூலை 11ஆம் தேதி ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாறு ராஜாவிடம் கண்ணன் தேவன் மலையை எழுதி வாங்கினார். வருஷக் குத்தகை 3,000 ரூபாய். இந்தக் காலத்தில் அந்தக் காசுக்கு சின்னக்கானலில் ஒரு ரிசார்ட் அறை ஒரு ராத்திரிக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம், காலைச் சாப்பாடு தனி. பின்னால் கிளாஸ்கோவின் ஃபின்லே கம்பெனி வந்தது, 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. மேலே வந்த துரைகளில் நிறையப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஊரில் இருந்து பெட்டியில் என்னென்ன வந்தன? ஸ்வெட்டர், கையுறை, முழங்கால் வரை கம்பளிக் காலுறை. கணப்பு அடுப்போடு பங்களா. எதிர்பாராத விதமாக இந்தியாவில் அவர்களுக்கு வீட்டுக் குளிரே கிடைத்துவிட்டது.

அவர்களுக்கு வேலை செய்ய வந்தவர்கள் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமை ஆட்கள். வெயிலைத் தவிர வேறு தட்பவெப்பம் பார்க்காத ஜனம். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தார். போடியில் இருந்து மலைப்பாதையில் நடை. அதே மலையில் தேயிலைப் பெட்டி இறங்குவதற்கு டாப் ஸ்டேஷனில் இருந்து கொட்டகுடிக்கு ரோப்வே இருந்தது; மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கிற வண்டிகூட விட்டார்கள். 1908இல் அது நிஜ ரயிலானது, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. தேயிலைக்கு வாகனம், கிள்ளுகிறவளுக்குக் கால்.

வந்த முதல் ராத்திரியே லயம் என்கிற வரிசை வீட்டில் பல் தந்தியடிக்கும். அப்போது கங்காணி ஒரு கறுப்புக் கம்பளியோடு வருவார். காட்சியை நாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

"இந்தா புள்ள, கம்பளி. துரை குடுத்தாரு."

"மவராசன் நல்லா இருக்கணும் கங்காணி ஐயா."

"இருப்பாரு, இருப்பாரு. பேருல எழுதிக்கிட்டேன்."

"எதை?"

"வெலைய."

பேகன் இந்த முறையைக் கேள்விப்பட்டிருந்தால் மயிலின் பெயரில் ஒரு பற்று எழுதி வைத்திருப்பார்.

அந்தக் கம்பளிதான் போர்வை, அதுதான் பாய், அதுதான் மழைக்குக் கொங்காணி. நனைந்தால் ஆட்டு நாற்றம், காய்ந்தால் முள். ஒரே நிறம். பூவும் இல்லை, கட்டமும் இல்லை. இரண்டு நிறப் பின்னலுக்குக் கணப்பு அடுப்பும், பக்கத்தில் நாற்காலியும், யாரும் கேள்வி கேட்காத ஒரு சாயங்காலமும் வேண்டும். லயத்தில் அந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது.

இன்னொரு கூத்து. ஐரோப்பியப் பெண்மணிகள் நம் பெண்களுக்கு ஊசிவேலையே கற்றுத் தரவில்லை என்று பழி போட முடியாது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட், இடையன்குடியில் எலைசா கால்டுவெல் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். என்ன? லேஸ். தேரிக்காட்டு வெயிலில் கைவிரல் வியர்த்து நூல் நழுவ, துரைசாணிகளின் கழுத்துப் பட்டைக்கு ஓட்டை ஓட்டையாக லேஸ். அங்கிருந்து வடக்கே போய் மலையேறினால் கம்பளி நூல் தேவைப்படுகிற இடம். அங்கே யாரும் பள்ளிக்கூடம் வைக்கவில்லை.

துரைகளின் தொப்பிகளுக்கோ தனி மரியாதை. மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பின் ஆண்கள் மதுக்கூடத்தில், மலையில் 30 வருஷம் தாக்குப்பிடித்தவர்களின் தொப்பிகளைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். இன்றும் பார்க்கலாம். 30 வருஷம் கொழுந்து கிள்ளியவளின் தலைத்துண்டை மாட்ட அந்த மலையில் ஓர் ஆணிகூட அடிக்கப்படவில்லை. மாட்ட ஆரம்பித்தால் சுவர் போதாது என்பதும் காரணமாக இருக்கலாம்.

இளவரசர் கதையும் உண்டு. பிற்பாடு எட்டாம் எட்வர்டு ஆகி, காதலுக்காகச் சிம்மாசனத்தை விட்டாரே, அவர். 1922 ஜனவரியில் சென்னைக்கு வந்தார். ஊர் ஹர்த்தால் அடித்து, கலவரத்தோடு வரவேற்றது. திரும்பிப் போனவர் அதே வருஷம் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் ஃபேர் ஐல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார். உலகமே அதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தது. தீவுப் பெண்களுக்கு ஊசி கீழே வைக்க நேரமில்லாமல் போனது. ஆடு மேய்க்கிறவன் நூறு வருஷம் போட்டால் அது உடுப்பு, இளவரசர் ஒருநாள் போட்டால் ஃபேஷன்.

நமக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். தமிழர்களின் மிகப் பிரபலமான குளிர்காலத் தொப்பி எது என்று கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: எம்.ஜி.ஆரின் வெள்ளைக் குல்லா. பாலக்காட்டு வடவன்னூர்க் குடும்பம், 1917இல் பிறந்தது இலங்கையின் கண்டிச் சீமையில். தேயிலை மலையில் பிறந்தவர் குல்லாவைப் போட்டது எங்கே? சென்னையில். மே மாதத்திலும். தேர்தல் பிரசார வேனிலும். சின்னக்கானலுக்கு வந்திருக்க வேண்டிய உரோமக் குல்லா அப்படியும் ஒருமுறை கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது சின்னக்கானலில் உல்லன் குல்லாவுக்குப் பஞ்சமே இல்லை. சுற்றுலா வருகிறவர்களுக்காகக் கடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. மான், நட்சத்திரம், பனிப்பூ எல்லாம் போட்டது. இந்த மலையில் காட்டு மாடு உண்டு, யானை உண்டு, வரையாடு உண்டு. குல்லாவில் மட்டும் நார்வே மான். சென்னையில் இருந்து வந்த மாப்பிள்ளை அதை மாட்டி, பகல் பன்னிரண்டு மணி வெயிலில் போட்டோ எடுத்துக்கொள்கிறார். பின்னால், விடியற்காலையில் இருந்து கொழுந்து கிள்ளி நிற்கிற அக்கா தலையில் ஒரு துண்டு, இடுப்பில் படங்கு.

யானையை மறந்துவிடக் கூடாது. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பேர் வாங்கிய அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29ஆம் தேதி சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். போவதற்கு முன் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டினார்கள். அளவு பார்த்து, பிடித்தம் இல்லாமல். சின்னக்கானல்வாசி ஒருவருக்கு அரசாங்கம் கழுத்தில் போட்ட முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும். அவர் அதையும் போட்டுக்கொண்டு ஒரே மாதத்தில் கம்பம் டவுனுக்குள் நடந்து வந்தார். தமிழ்நாட்டு வனத்துறை ஜூன் 5இல் மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பியது. மேலே வேலைக்குப் போனவர்களின் ஊர்ப்பக்கமே அவரைக் கொண்டுவிட்டார்கள்.

தோட்டத் தொழிலாளிக்கும் சட்டம் இருந்தது. 2025 வரை நடப்பில் இருந்த 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு, இவை போன்ற பிற வசதிகள் முதலாளி தரும்படி மாநில அரசு விதி செய்யலாம் என்றது. கையுறையும் குல்லாவும் அந்தப் 'பிற'வில் எங்கோ சுருண்டு கிடந்தன. கையுறை கொடுத்தாலும் சிக்கல் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பேகன்தான். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துக் கிள்ளுவது விரல் நுனி. அதை மூடிவிட்டால் கொழுந்து முற்றலா இளசா என்று தெரியாது. எடை குறையும், கூலி குறையும். கத்தரி வைத்து வெட்டுகிற இடத்தில் பரவாயில்லை. கையால் கிள்ளுகிற இடத்தில் மணிக்கட்டில் இருந்து விரலின் பாதி வரை மூடி, நுனியைத் திறந்து விட்ட கையுறைதான் உதவும்.

ஆகவே, பின்னத் தெரிந்தவர்களே, இந்தக் குளிர்காலத்தில் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் விரல் நுனி திறந்த கையுறை நாலு ஜோடி பின்னி எடுத்து வாருங்கள். இரண்டு நிறத்தில் போடுங்கள், கனமாக இருக்கும். முதலில் கையை அளந்துகொள்ளுங்கள். காசு வாங்காதீர்கள். மயில் ஏதாவது வழியில் ஆடிக்கொண்டிருந்தால் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுங்கள்.